இடம் வலமாகத் திரும்பிவிட்ட வீட்டை இடிக்காதிருக்கக் கோருதல்

அனுப்புநர்:
தையல்காரி (கொத்தனாரின் மனைவி),
பால் பண்ணைக்குப் பின்தெரு,
இன்னும் வெள்ளையடிக்காத வீடு.

பெறுநர்:
கட்டட அனுமதி அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், முதல் மாடி.

பொருள்: எங்கள் வீட்டுக்கு வந்த இடிப்பு நோட்டீஸை ரத்து செய்யவும், பிழை யாருடையது என்பதைப் பதிவு செய்யவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. என் கணவர் இருபத்திரண்டு வருடமாகக் கொத்தனார். ஊரார் வீட்டையெல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டு வாடகை வீட்டில் வந்து படுப்பவர். எங்களுக்கென்று ஒரு வீட்டை அஸ்திவாரம் தோண்டுவது முதல் நாங்கள் இருவருமே கட்டினோம். விடுமுறை நாட்களில் மட்டும் வேலை செய்து முடிக்க மூன்று வருடம் ஆயிற்று. அவர் செங்கல் வைத்தார், நான் கலவை சுமந்தேன், நடுநடுவே சண்டையும் போட்டுக்கொண்டோம்.

2. தாங்கள் முத்திரை வைத்துக் கொடுத்த வரைபடத்தில் சிமெண்டுக் கை படக்கூடாதென்று அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். வேலைக்கு வேண்டி, நான் துணி வெட்டப் பயன்படுத்தும் மெல்லிய தாளில் கோடுகளை மட்டும் நகல் எடுத்தேன். எழுத்து ஒன்றும் எழுதவில்லை. சமையலறை எதுவென்று எனக்குத் தெரியாதா என்ற திமிர்தான், வேறென்ன? துணியின் உள்பக்கத்தில் தாளை வைத்து வெட்டுவதால், "இந்தப் பக்கம் மேலே" என்ற அம்புக்குறியைத் தாளின் பின்பக்கத்தில் போடுவது என் வழக்கம். கைப்பழக்கத்தில் இதற்கும் அப்படியே போட்டுவிட்டேன். அவர் அந்த அம்பை நம்பித் தாளை விரித்தார். வீடு இடம் வலமாகத் திரும்பிக்கொண்டு எழுந்துவிட்டது.

3. போன வாரம் தங்கள் கள ஆய்வாளர் அசல் வரைபடத்தோடு வந்தார். படத்தைப் பார்த்தபடியே சமையலறையை அளக்கப் போனவர் குளியலறைக்குள் போய் நின்றார். "என்னம்மா இது, குழாயடியில அடுப்பு வைப்பீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. முப்பது நாளுக்குள் இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தது.

4. ஐயா, நோட்டீஸைக்கூடத் தாங்கிக்கொள்வேன். என் கணவரைத்தான் தாங்க முடியவில்லை. "தப்பாக் கட்டினவன்தான் இடிக்கணும்" என்று சம்மட்டிக்குப் புதுப் பிடி போட்டு வைத்திருக்கிறார். வருகிற திங்கட்கிழமை ஆரம்பிக்கப் போகிறாராம். பிழை என்னுடையது என்று தொண்டை வறளச் சொல்லிவிட்டேன். "என்னைத் தேத்துறதுக்காகப் பழியை உன் தலையில போட்டுக்காதே. அந்த அம்பை நீ நேத்துதான் போட்டிருப்பே" என்கிறார். அம்பின் மேலேயே பழைய சிமெண்ட் காய்ந்து ஒட்டியிருப்பதைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மனுஷன் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

5. அசல் வரைபடத்தையும் என் தாளையும் இணைத்துள்ளேன். அசலைப் புரட்டித் தங்கள் அறை ஜன்னல் கண்ணாடியில் வைத்து, என் தாளை அம்பு தெரியும்படி அதன்மேல் பொருத்திப் பார்க்கவும். மனையின் இரு பக்கமும் விட வேண்டிய காலியிடம் ஒரே அளவுதான் என்பதால் விதி எதுவும் மீறப்படவில்லை. ஒரு கோடு பிசகியிருந்தாலும் கடப்பாரையை நானே எடுத்துக் கொடுக்கிறேன். சுவர்களில் தூக்குக்குண்டு விட்டும் பார்க்கலாம். அவர் கட்டிய சுவர் சாய்ந்ததாகச் சரித்திரமே கிடையாது.

6. ஆகவே, தாங்கள் திங்கட்கிழமைக்கு முன்பே நேரில் வந்து பார்த்து, இடிப்பு நோட்டீஸை ரத்து செய்து, வீடு நிற்கிறபடியே திருத்திய வரைபடத்துக்கு அனுமதி தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

7. இன்னும் ஒன்றே ஒன்று. அந்த ஆணையில், "பிழை தையல்காரியுடையது, கொத்தனார் தமக்குக் கொடுக்கப்பட்ட படத்தை அப்படியே, அணுவும் பிசகாமல் கட்டியிருக்கிறார்" என்று ஒரு வரி சேர்த்து, அவர் பெயருக்கே அனுப்பி வைக்கவும். கட்டிய பெண்டாட்டி சொன்னால் நம்ப மாட்டார். அரசாங்க முத்திரை இருந்தால் நம்பிவிடுவார்.

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
தையல்காரி

இடம்: புது வீட்டு வாசற்படி
நாள்: வியாழக்கிழமை, நோட்டீஸ் கிடைத்த நான்காம் நாள்