பெரிய வெள்ளியன்று நான் போட்ட விளக்கு

அன்பு மகள் ஷீபாவுக்கு, அம்மா அருள்மேரி சொல்லச் சொல்லத் தம்பி ஆன்டோ எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் பசுவும் கன்றும் சுகம். நீ சுகமா என்று கேட்க வாய் வரவில்லை, உன் போன கடிதம் அப்படி. அம்மாவுக்கு ஈஸ்டர் முடிந்ததும் தஞ்சாவூரில் புரை ஆபரேஷன் ஆகிக் கண்ணில் கட்டு, அதனால்தான் என் கிறுக்கல். அக்கா, அம்மா சொல்வதில் பாதி அழுகை, பாதி திட்டு. அழுகையை விட்டுவிட்டுத் திட்டை மட்டும் எழுதுகிறேன்.

அப்பா சாகக் கிடந்தபோது ஒரு தடவை முகத்தைப் பார்க்க விடு என்று குவைத்தில் முழங்காலில் நின்று சேசுவிடம் கேட்டாய், நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் லீவு தரவில்லை, அடக்கமும் முடிந்துவிட்டது. அன்றைக்கே கடவுள் இல்லை என்று தெரிந்துபோயிற்று, இனி ஜெபமாலையைத் தொடமாட்டேன், வைகாசியில் லீவு கிடைத்தாலும் ஊருக்கு வரமாட்டேன் என்று எழுதிவிட்டாய். வாசித்துக் காட்டியவன் நான். நடுவில் ரெண்டு வரியை விழுங்கப் பார்த்தேன், அம்மா விடவில்லை. கேட்டுவிட்டு உளுந்தைப் புடைத்துக்கொண்டிருந்தார். தவக்காலம் முழுக்கச் சிலுவைப்பாதைக்கு வரவில்லை. கூப்பிட்டால், நீ போயி மோட்டாருக்குக் காயில் கட்டுடா என்று என் எலக்ட்ரீசியன் வேலையைச் சொல்லி விரட்டுவார். நீ பாட்டுக்குக் கவரை ஒட்டி அனுப்பிவிட்டாய், உலை வைக்காமல் உட்கார்ந்திருப்பவரோடு மல்லுக்கட்டுவது யார்?

பெரிய வெள்ளிக்கு மட்டும் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். நற்கருணையாகச் சேசு உள்ளே இருக்கிறார் என்பதற்கு அடையாளமாகப் பேழை பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியுமே, எண்ணெய் விளக்கை எடுத்துவிட்டுப் போன வருஷம்தான் நான் பல்பு மாட்டினேன். அது எரியவில்லை. என் வேலை கெட்டால் என் மானம் போகுமே என்று ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். பல்பு நன்றாகத்தான் இருந்தது, யாரோ சுவிட்சை அணைத்திருந்தார்கள். போட்டுவிட்டேன். வியாழன் இரவே நற்கருணையை வேறு அறைக்குக் கொண்டுபோய், பேழையைத் திறந்துபோட்டு விளக்கையும் அணைத்துவிடுவார்கள் என்பது, வருஷா வருஷம் அன்றைக்கு வெளியே மைக்செட்டோடு கிடக்கிற எனக்கு எங்கே தெரியும்? கோயில்பிள்ளை சகாயராஜ், அன்று மணி அடிக்கக்கூடாது என்பதால் தட்டுகிற மரக்கட்டையோடு ஓடிவந்து, ஏய் இன்ஜினியர், காலி வீட்டுக்கு எதுக்குடா வாசல் லைட்டு என்றார். பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. அம்மா சிரிக்கவில்லை. எழுந்து நின்று அத்தனை பேர் நடுவில், அணைடா அத, இல்லாதப்ப இருக்குற மாதிரி வெளக்கு போடாத, இன்னைக்காச்சும் உள்ளத உள்ளபடி காட்டட்டும் என்று கத்தினார். அணைத்தேன்.

வழிபாடு முடிந்து அம்மாவைக் காணோம். தேடினால், பாய் அடுக்கும் அறையில் நற்கருணையை வைத்திருந்த மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே ஒரு சின்ன விளக்கு எரிகிறது. என்னம்மா ஜெபிச்சீங்க என்றேன். ஜெபமா, நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன்டா என்றார். வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு சொன்னதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதச் சொல்லியிருக்கிறார்: "சிலுவையில தொங்குனவரே ஏன் கைவிட்டீருன்னுதான் கேட்டாரு. யாருகிட்ட கேட்டாரு, காத்துகிட்டயா? எம் மவ மூணு பக்கம் அவர திட்டியிருக்கா. பூட்டுன வீட்டு வாசல்ல நின்னு யாருடி அவ்வளவு நேரம் சண்டை போடுவா?" எனக்கும் அதேதான் கேள்வி. லைன் செத்துவிட்டது என்றால் நாங்கள் டீ குடிக்கப் போய்விடுவோம், அதைத் திட்டிக்கொண்டு நிற்கமாட்டோம்.

அப்பா முகத்தைப் பார்க்க உன்னை ஏன் விடவில்லை என்பது அம்மாவுக்கும் தெரியாதாம். ஃபாதரிடம் கேட்டேன், இருமினார்.

அப்பா கல்லறைக்குச் செய்த கல் சிலுவை மாட்டுக்கொட்டகையில் சாய்ந்து கிடக்கிறது. நடலாம் என்றால், மூத்தவள் வந்து நிற்காமல் முடியாது என்கிறார் அம்மா. கன்று அதில் முதுகு தேய்க்கிறது, எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. வைகாசியில் வந்து சேர். ஜெபமாலை கொண்டுவராவிட்டால் பரவாயில்லையாம், அந்தக் கோபத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வராதே, கல்லறையில் நின்று ரெண்டு பேருமாகச் சேர்ந்து கேட்போம் என்கிறார். நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. சேசுவும் மாதாவும் உன்னைக் காக்கட்டும்.

இதற்குக் கீழே மை கலைந்திருக்கும். என் தப்பில்லை. காய்வதற்குள் அம்மா பெருவிரலால் சிலுவை போட்டுவிட்டார். உன் நெற்றி இந்த இடத்தில் இருக்கிறதாம்.

இப்படிக்கு
உன் அம்மா
அருள்மேரி