ஒடிலியாவுக்கு ஒன்பது நாள்

புன்ட்டா பெலிக்கானோ
ஜூன் 18, 1971

பிரியமுள்ள கொமாத்ரே தோமித்திலாவுக்கு,

ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டோம். பதினாறு மணி நேரப் பேருந்தில் ஒடிலியா எட்டு முறை வாந்தி எடுத்தாள். மலைப்பாதைதான் காரணம் என்று ஓட்டுநர் எலுமிச்சம்பழம் கொடுத்தார். நாலு மாதக் கர்ப்பம் என்று அவரிடம் சொல்ல முடியுமா, வாங்கிக்கொண்டேன்.

கடற்கரையில் மீன் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சிப்ரியானா என்பவளின் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை கிடைத்திருக்கிறது. ஓலைக்கூரை, மண் அடுப்பு, இரண்டு வலை ஊஞ்சல். கட்டில் இல்லையா என்று கேட்டேன். "கட்டில்ல படுத்தா தேள் ஏறும், ஊஞ்சல்ல படுத்தா காத்து வரும். உங்களுக்கு எது வேணும்?" என்றாள். ஊஞ்சல் என்றேன். மூன்று நாளாக என் இடுப்பு எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் சொல்லித் தந்தபடியே இங்கே சொல்லிவிட்டேன். ஒடிலியாவின் கணவன் எல்லைக்கு அப்பால் தக்காளித் தோட்டத்தில் வேலை செய்கிறான், நான் அவளுடைய ஞானத்தாய், பிரசவம் வரை துணைக்கு வந்திருக்கிறேன் என்று. அதில் ஞானத்தாய் என்பது மட்டும் நிஜம், அதனால்தானே நாம் கொமாத்ரே. அங்கே சான் லூக்காஸில் நுரையீரல் நோய், டாக்டர் கடற்காற்று சொன்னார் என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். ஊருக்கு ஒரு பொய். மாற்றிச் சொல்லிவிடக் கூடாதே என்று பயமாக இருக்கிறது.

மற்றது நாம் பேசி வைத்தபடிதான். பிள்ளை பிறந்ததும் என் பெயரில் பதிவு செய்து, யாரோ ஏழை பெற்றது, நான் வளர்க்கிறேன் என்று ஊருக்குக் கொண்டுவருகிறேன். பிள்ளை இல்லாத விதவைக்கு அதில் ஆசையும் உண்டு, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது.

ஒடிலியா இன்னும் சரியாகப் பேசுவதில்லை. பத்தொன்பது வயது மகளைப் பார்சல் மாதிரி அனுப்பிவிட்டீர்கள் என்று உங்கள் மேல் கோபம். ஆறும் என்று நம்புகிறேன்.

உங்கள் கொமாத்ரே,
எர்லிந்தா


சான் லூக்காஸ்
ஜூலை 5, 1971

என் அன்பான எர்லிந்தாவுக்கு,

கடிதம் வந்தது. படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். இனிமேலும் அப்படித்தான் செய்வேன், வருத்தப்படாதீர்கள்.

இங்கே எல்லோரும் ஒடிலியாவைக் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டு ஃபிதெலா தினமும் அவளுக்காக ஒரு செபமாலை சொல்கிறாளாம். அவளை இந்த நிலைக்கு ஆளாக்கிய அந்த ட்ரம்பெட் ஊதுகிறவனை இந்தப் பக்கமே காணவில்லை; இந்த வருடத் திருவிழாவுக்கு வேறு வாத்தியக் குழு.

ஆகஸ்ட் பதினைந்துக்கு மாதா சுரூபத்துக்குப் புது மேலாடை தைத்துக்கொண்டிருக்கிறேன். என் மாமியாருக்குப் பிறகு இருபத்திரண்டு வருடமாக மாதாவுக்கு உடை உடுத்துவது நான்தான். அவச்சொல் விழுந்த வீட்டுக்காரி அந்தத் துணியைத் தொடக்கூடாது என்பது உங்களுக்கும் தெரியும். அந்தத் துணி வைக்கும் அலமாரியின் சாவி என் இடுப்பில் இருக்கும்வரை நான் இந்த ஊரில் ஓர் ஆள். அது போய்விட்டால் வெறும் விதவை. என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைக்காதீர்கள்.

அவளை வெயிலில் விடாதீர்கள். கறுத்துப் போய் வந்து நின்றால் நுரையீரல் நோய் என்று யார் நம்புவார்கள்? எனக்கு அவள் எழுத வேண்டாம். கையெழுத்தைத் தபால்காரன் அடையாளம் கண்டுகொள்வான். நன்றாகச் சாப்பிடுகிறாளா என்று மட்டும் எழுதுங்கள்.

தோமித்திலா


புன்ட்டா பெலிக்கானோ
ஆகஸ்ட் 29, 1971

பிரியமுள்ள கொமாத்ரே,

கோபப்படாமல் படியுங்கள். வெயிலில் விடாதீர்கள் என்றீர்கள். உங்கள் மகள் இப்போது கருவாட்டு நிறத்தில் இருக்கிறாள்.

ஒரு நாள் சிப்ரியானாவின் கடையில் வேலைக்காரி வரவில்லை என்று கைக்கு உதவியாகப் போனாள். அதிலிருந்து தினமும் போகிறாள். மீனை நடுவில் பிளந்து, மிளகாய்ச் சாந்து தடவி, கரியில் வாட்டுகிறாள். நம் வீட்டில் பீன்ஸ் வேகவைக்கச் சொன்னால் தலைவலி என்று படுத்துக்கொண்டவள். சாயங்காலம் பாவாடையோடு கடலில் இடுப்புவரை இறங்கி நிற்கிறாள். வயிற்றுக்கு நல்லது என்று இங்கத்துப் பெண்கள் சொல்கிறார்கள். நான் கரையில் நின்று கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் கடையில் நாலு பெண்கள் இருக்கும்போது சிப்ரியானா, "உன் புருஷன் லெட்டர் போடுறானா?" என்று கேட்டாள்.

மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே உங்கள் மகள், "புருஷன்னு ஒருத்தன் இருந்தாத்தானே லெட்டர் போடுறதுக்கு" என்றாள்.

சிப்ரியானா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அதானே பாத்தேன். புருஷன் இருக்குறவ இப்படி நிம்மதியா தூங்கமாட்டாளே" என்றாள். நாலு பேரும் சிரித்தார்கள், உங்கள் மகளும் சிரித்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மறுநாள் அவர்களில் ஒருத்தி பழைய குழந்தைத் துணிகளை மூட்டை கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

கொமாத்ரே, அவள் சிரித்து நான் பார்த்து ஐந்து மாதம் ஆகிறது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இந்த இடம் அவளுக்குப் பிடித்துப்போய்க்கொண்டிருக்கிறது.

எர்லிந்தா


சான் லூக்காஸ்
செப்டம்பர் 15, 1971

எர்லிந்தாவுக்கு,

உங்களை அனுப்பியது அவளைக் காப்பாற்ற. மீன் வாட்டக் கற்றுக்கொடுக்க அல்ல. நாலு பேருக்குத் தெரிந்தது நாற்பது பேருக்குத் தெரிய எத்தனை நாள் ஆகும்? அந்தப் பேருந்து இங்கேயும் வருகிறது.

இனி நான் சொல்வதைக் கேளுங்கள். பிள்ளை பிறந்த அன்றே உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள். அவள் பால் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் பிரிக்க முடியாது. குவாதலூப்பே மாதா திருநாளுக்கு, டிசம்பர் பன்னிரண்டுக்கு, அவள் இங்கே என் பக்கத்தில் முக்காடு போட்டு நிற்க வேண்டும். நீங்கள் ஒரு மாதம் கழித்துப் பிள்ளையோடு வாருங்கள்.

ஞானஸ்நானத் தொட்டியருகே அவளைக் கையில் ஏந்திக்கொண்டு நீங்கள் கொடுத்த வாக்கை மறக்க வேண்டாம். அன்றைக்குத்தான் நாம் கொமாத்ரே ஆனோம். அதற்கு முன்னால் நாம் வெறும் பள்ளித் தோழிகள்.

தோமித்திலா


புன்ட்டா பெலிக்கானோ
நவம்பர் 24, 1971

பிரியமுள்ள கொமாத்ரே,

நீங்கள் பாட்டியாகிவிட்டீர்கள். நவம்பர் பத்தாம் தேதி பெண் குழந்தை. ஒடிலியா ஒன்றரை நாள் கஷ்டப்பட்டாள். நடுவில் "அம்மா" என்று கூப்பிட்டாள். கூப்பிட்டது என்னை அல்ல.

பிள்ளை பிறந்த அன்று பதிவுக்கு நான் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. பிள்ளையை என் கையில் வைத்துக்கொண்டு, என் பெயரை அதன் பெயரோடு சேர்த்துச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது அழுதபோது ஒடிலியாவின் ரவிக்கை நனைந்தது, என்னுடையது நனையவில்லை. இதற்குமேல் எப்படி விளக்குவது என்று தெரியவில்லை.

நாற்பது நாள் எழுந்திருக்கக் கூடாதவள் பதின்மூன்றாம் நாள் வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தாள். பக்கத்து ஊர்ப் பதிவு அலுவலகத்துக்கு நடந்தாள். நான் தடுக்கவில்லை, குடை பிடித்துக்கொண்டு கூடவே போனேன். எழுத்தர், "அப்பா பேரு?" என்று கேட்டார். "கோடு போட்டுடுங்க" என்றாள். தாய் பெயர் கேட்டதும் தன் பெயரை உரக்கச் சொன்னாள். பிள்ளையின் பெயர் எலோடியா.

அவள் சான் லூக்காஸ் திரும்பமாட்டாள். "பிள்ளையோடதான் வருவேன். என் பிள்ளைன்னு சொல்லித்தான் வருவேன். அம்மா சம்மதிச்சா இப்பவே வரேன்" என்கிறாள். உங்களுக்குச் சம்மதமா?

வாக்கை நினைவூட்டினீர்கள். தாய் தவறினால் நான் தாயாக நிற்பேன் என்று சொன்னேன். அந்த வாக்கை உங்களுக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவளுக்குக் கொடுத்தேன்.

இப்படி எழுதியதற்கு மன்னியுங்கள்.

எர்லிந்தா


சான் லூக்காஸ்
டிசம்பர் 22, 1971

எர்லிந்தாவுக்கு,

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லும் துணிச்சல்கூட இல்லாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் பூசை முடிந்து வெளியே வந்தேன். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். ஃபிதெலா எதிரே வந்து, "ஒடிலியா திருநாளுக்கு வந்துடுவாளா, தோமித்திலா?" என்று கேட்டாள். "இனிமே அவ வரமாட்டா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "ஐயோ, எப்ப?" என்று கட்டிக்கொண்டாள். கோவில் வாசலில் அத்தனை பெண்களும் சூழ்ந்துகொண்டார்கள். செத்துவிட்டாள் என்று நான் சொல்லவே இல்லை, எர்லிந்தா. இல்லை என்று மறுக்கவும் இல்லை.

வீட்டுக்குப் போவதற்குள் கதவில் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். அடுப்படியில் ஐந்து பேர் சோளம் அரைத்துக்கொண்டிருந்தார்கள். செபம் சொல்லும் தொன் நசாரியோ வந்து, "உடம்பு அங்கேயே அடக்கமா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். கூடத்துத் தரையில் சுண்ணாம்பால் சிலுவை போட்டு, சுற்றிலும் பூ வைத்து, ஒன்பது நாள் செபமாலை. தினமும் அவள் பெயரைச் சொல்லி, இவளுக்காக வேண்டிக்கொள்ளும் என்றபோது நானும் சேர்ந்து சொன்னேன். பொய் அழுகை என்று நினைக்காதீர்கள். என் வாழ்நாளில் அப்படி அழுததில்லை.

ஒன்பதாம் நாள் சிலுவையை எடுத்தார்கள். சுண்ணாம்பை வழித்து ஒரு மரப்பெட்டியில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். அதைக் கல்லறையில் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் ஆத்துமா இளைப்பாறும் என்று உங்களுக்குத் தெரியும். எப்போது கொண்டுபோகிறாய் என்று தினமும் கேட்கிறார்கள். பெட்டி மேசைமேல் இருக்கிறது. அந்த மேசையில் என்னால் சாப்பிட முடியவில்லை.

என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

தோமித்திலா


புன்ட்டா பெலிக்கானோ
ஜனவரி 6, 1972

தோமித்திலா,

கடிதத்தைப் படித்ததும் எனக்கு உங்கள் மேல் வந்த ஆத்திரத்துக்கு, நல்லவேளை, உடனே ஏறி வரப் பேருந்து இல்லை. ஒளித்து வைக்கலாம் என்று நினைத்தேன். பிறகு அவளுக்கே படித்துக் காட்டினேன். பொய் போதும் என்றாகிவிட்டது.

பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "எத்தனை பேர் வந்தாங்களாம்?" என்றாள். தெரியவில்லை என்றேன். "பெத்தவளே வேண்டிக்கிட்டாளா எனக்காக?" என்றாள். பிறகு இரண்டு நாள் வேலைதான். மீன் வாட்டினாள், துணி துவைத்தாள். சிப்ரியானாகூட அவளைக் கேலி செய்யவில்லை, அதிலிருந்தே புரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நின்னு, என் மக உயிரோட இருக்கா, அவளுக்கு ஒரு பொண்ணு பொறந்திருக்குன்னு அம்மா சொல்லணும். சொல்லிட்டு வந்தா வரட்டும். சொல்லாம வந்தா நான் செத்தவளாவே இருந்துடுறேன், அவங்களுக்கும் சௌகரியம்."

நான் வேறு எதுவும் சேர்க்கவில்லை. சாவி போய்விடும் என்று எனக்கும் தெரியும். எலோடியா இப்போது முகம் பார்த்துச் சிரிக்கிறாள். உங்கள் மோவாய்.

எர்லிந்தா


சான் லூக்காஸ்
ஜனவரி 17, 1972

எர்லிந்தாவுக்கு,

நேற்றுச் சொல்லிவிட்டேன்.

பூசை முடிந்ததும் எழுந்து நின்றேன். என் மகள் ஒடிலியா உயிரோடு இருக்கிறாள், அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது, பெயர் எலோடியா, தகப்பன் பெயர் இல்லை என்று சொன்னேன். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துப் பீடத்தின் மேல் வைத்தேன்.

யாரும் நம்பவில்லை.

முதலில் ஃபிதெலா அழுதாள். பிறகு எல்லோரும் அழுதார்கள். "பாவம், துக்கத்துல புத்தி தடுமாறிடுச்சு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சாமியார் வந்து என் தலையில் கை வைத்து, "ஆமா மகளே, விசுவாசத்துல அவ உயிரோடதான் இருக்கா" என்றார். இல்லை சாமி, புன்ட்டா பெலிக்கானோவில் இருக்கிறாள், மீன் வாட்டுகிறாள் என்று கத்தினேன். கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்து, ஆரஞ்சு இலைக் கஷாயம் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். சாவியைத் தலையணைக்கு அடியில் திருப்பி வைத்துவிட்டார்கள். மாதாவின் துணியை என்னைத் தவிர யார் தொடுவது என்கிறார்கள். ஏழு மாதம் நான் சொன்ன பொய்யையெல்லாம் ஒரு கேள்வி கேட்காமல் நம்பிய சனம் இது.

இந்த நிலையில் என்னைத் தனியாக அனுப்பமாட்டார்களாம். பெட்டியைக் கல்லறையில் சேர்க்க ஃபிதெலாவும் தொன் நசாரியோவும் துணைக்கு வருகிறார்கள். வேண்டாம் என்று சொல்லப் பார்த்தேன். பிறகு யோசித்து, வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

இருபத்தேழாம் தேதி, வியாழக்கிழமை காலைப் பேருந்து. ஒடிலியாவிடம் சொல்லுங்கள், அவள் கேட்டதை நான் செய்துவிட்டேன். மீதியை அவள்தான் செய்ய வேண்டும். நிறுத்தத்தில் பிள்ளையோடு வந்து நிற்கட்டும். ஒளிந்து நிற்க வேண்டாம், முக்காடு வேண்டாம், கறுத்த முகத்தோடு அப்படியே நிற்கட்டும். அவர்கள் இரண்டு பேரும் பார்த்தால் போதும், ஊருக்கு அவர்களே போய்ச் சொல்லிக்கொள்வார்கள்.

முதலில் நான் இறங்குவேன். பெட்டியை ஃபிதெலாவிடம் கொடுத்துவிடுவேன், எனக்கு இரண்டு கையும் வேண்டும்.

தோமித்திலா