உப்புக் கரித்த தீர்த்தம்

ஒக்டோபர் 16, கெல்சென்கிர்ச்சன், ஜேர்மனி

போர்த்துக்கலுக்குப் பாத்திமா மாதா யாத்திரை போன என் மனுசன் கொண்டுவந்த தீர்த்தத்தில், காலையில் இரண்டு சொட்டு நாக்கில் விட்டேன். உப்புக் கரித்தது. துப்பிவிட்டேன். கேட்டதற்கு, "போத்தில் பழசாக்கும்" என்றார், என் முகத்தைப் பாராமல்.

வேலை இடைவேளையில், கூடப் போன மேரி அக்காவுக்குப் போன் எடுத்தேன். "அவர் பாத்திமாவுக்கு வரேல்லையே, பிள்ளை. வழியிலை நசரே எண்ட ஊரிலை அலை பாக்க பஸ் நிண்டது. நீங்கள் போட்டு வாங்கோ எண்டு அங்கையே நிண்டிட்டார். பின்னேரம் திரும்பி வரேக்கைதான் அவரை ஏத்தினனாங்கள்."

ஒரு பகல் முழுக்க! மன்னாரில் தன் தம்பி கடலுக்குப் போய்த் திரும்பாத நாளிலிருந்து கடற்கரைப் பக்கமே போகாத மனிதர். யாரைச் சந்திக்க நின்றார்? வீட்டுக்கு வந்ததும் அவருடைய பயணப் பையைக் கொட்டித் தேடினேன். சப்பாத்துக்குள் மணல்தான் இருந்தது.

பின்னேரம் அவர் வேலையால் வந்ததும் போத்திலை மேசையில் வைத்தேன். "ஆரோடை நிண்டனீங்கள்?"

"ஒருத்தரோடையும் இல்லை. மாடி வீட்டு உயரத்துக்கு அலை எழும்புது. பெடியள் அலையிலை சறுக்கிற பலகையோடை அதுக்குள்ளை போறாங்கள். ஒவ்வொருத்தனும் கரைக்கு வாறானோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

நான் நம்பவில்லை. "எல்லாரும் வந்தவங்களோ?" என்று கேட்டேன், குத்தலாகத்தான்.

"ஓம். கடைசிப் பெடியனும் வந்த பிறகுதான் இறங்கித் தண்ணி அள்ளினனான்."

அதைத்தான் காலையில் துப்பினேன்.