விறைப்பு அடங்கும் முன்

அன்புள்ள அக்கா,

நேற்று எனக்குக் கடைவாய்ப் பல்லில் ரூட் கனால் செய்தார்கள். "எப்படிமா உடைஞ்சுது?" என்று டாக்டர் கேட்டார். "தறிக்குழில வுழுந்துட்டா சார்," என்று அப்பா முந்திக்கொண்டார். நானும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும், பல்லுக்குப் போட்ட ஊசியில் கன்னம் விறைத்திருக்கும்போதே அப்பா தறியில் உட்காரச் சொன்னார். அறுந்த இழையை முடிந்து, வழக்கம்போல நுனியைப் பல்லால் கடித்தேன். உதட்டையும் சேர்த்துக் கடித்தது எனக்குத் தெரியவில்லை. முகூர்த்தச் சேலையின் சந்தன நிறப் பட்டில் ரத்தம் சொட்டிவிட்டது.

"கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?" என்று அதே கன்னத்தில் அறைந்தார். பிறகு தறியில் ஊடை ஓட்டும் நாடாக்கட்டையை எடுத்து அதே இடத்தில் அடித்தார். விறைப்பில் வலி தெரியாததால் நான் அழவில்லை. "திமிரப் பாரு, கல்லாட்டம் நிக்கிது" என்று மேலும் அடித்தார்.

இப்போது வலி காதுவரை இழுக்கிறது. கஞ்சிகூட இறங்கவில்லை. அம்மா கிராம்பு வைத்துவிட்டு, "சத்தம் போடாத கண்ணு" என்றாள்.

பல்லுக்கு மேல் கேப் போட இரண்டு வாரம் ஆகுமாம். அதுவரை அந்தப் பக்கம் எதுவும் படக்கூடாது என்று டாக்டர் அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார். அந்த இரண்டு வாரம் மட்டும் நான் ஆரணியில் உன் வீட்டில் இருக்கலாமா? மாமாவிடம் பல்வலி என்று சொன்னால் போதும்.

உன் தங்கை