உக்கடத்துப் புள்ளிகளும் கோடுகளும்

இன்று உக்கடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் குளத்துப் பக்கமிருந்து அந்த ஈர வாடை அடித்தது. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு இந்தச் சாலையைப் படமெடுக்க நீங்கள் கேமராவைச் சரிசெய்த காலைப்பொழுது கண்முன் வந்தது.

சாலையைக் கடக்கிறவர்கள் அடுத்த சில நொடிகளில் எங்கே போவார்கள் என்று கணினியை முன்கூட்டியே சொல்லவைப்பதுதான் கல்லூரி ஆய்வகத்தில் நாம் இருவரும் செய்த வேலை. பஸ் ஓட்டுகிறவர்களை எச்சரிக்க உதவும் என்று நினைத்தோம். ஆனால் அது சொன்னபடி நடந்திருந்தால் பாதிப் பேர் ஒருவர்மேல் ஒருவர் மோதியிருப்பார்கள். நான் சோர்ந்துபோனேன். நீங்கள் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தீர்கள்.

"நாம ஒவ்வொருத்தரையும் தனியாக் கணக்குப் போடறமுங்க. இங்க ஆரு தனியா நடக்கறாங்க?"

அதன்பின் ஒவ்வொருவரையும் ஒரு புள்ளியாக்கி, அருகில் இருப்பவர்களைக் கோடுகளால் இணைத்தோம். ஒருவர் தயங்கினால் அது கோடு வழியே மற்றவருக்கும் எட்டும். கிராஃப் நியூரல் நெட்வொர்க் என்பது அவ்வளவுதான் என்று மாணவர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடுவீர்கள். கணினி அதைக் கற்று முடிப்பதற்குள் உங்களுக்குப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது.

முடிவை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து காட்டினேன். திரையில் ஒரு பெண் நடுச்சாலையில் நின்றாள். பின்னால் வந்த அவள் கணவரும் நிற்பார் என்றது கணினி, நின்றார். அதையே திரும்பவும் போடச் சொன்னீர்கள். உங்கள் வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போயிருந்தார்.

"நான் நின்னுபோட்டா அவரும் நின்னுபோடுவாருங்க," என்றீர்கள். "அப்பப்பப் போன் போட்டு நாலு வார்த்தை பேசுங்க."

அத்தனை வருடங்களில் நீங்கள் எனக்கென்று வைத்த கோரிக்கை அது ஒன்றுதான்.

நீங்கள் போனபின் அவர் உடுமலைப்பேட்டைத் தோட்டத்துக்கே திரும்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவேன். வெகுநாள் வரை 'ம்' என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. பிறகு தென்னைக்குத் தண்ணீர் கட்டியதை, மோட்டார் பழுதானதைச் சொன்னார். உங்கள் பெயரை மட்டும் இருவருமே எடுப்பதில்லை.

போன மாதம் காய்ச்சலில் படுத்துவிட்டேன், ஒரு ஞாயிறு கூப்பிடவில்லை. மறுநாள் காலையில் அவரே கூப்பிட்டார்.

"ஏனுங்க, போனையே காணோம். ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?"

அவரே என்னை விசாரித்துவிட்டார் என்று உங்களிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும் போலிருந்தது. எங்கே வந்து சொல்ல? நீங்கள் கேட்டுக்கொண்டதற்காகப் பேசத் தொடங்கினேன். இப்போது அந்தக் குரல் கேட்காவிட்டால் எனக்கும் ஞாயிற்றுக்கிழமை நகர்வதில்லை.