மேனேஜர் மேல் போட்ட பழி

மார்ச் 4

வீட்டுக்கு மேனேஜர் வந்திருக்கிறார். வயது இரண்டு மாதம். நாய்க்குட்டி. பழுப்பு உடம்பு, நாலு கால்களிலும் வெள்ளை சாக்ஸ் மாட்டிவிட்ட மாதிரி. இவர், என் கணவர், அலுவலக நண்பர் ஒருவர் வீட்டிலிருந்து அட்டைப்பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். பெயரையும் இவரே வைத்தார். காப்பீட்டு அலுவலகத்தில் மேனேஜர் முன்னால் வருடக்கணக்காக நின்றபடியே பேசுகிற மனிதர். "மேனேஜர், உட்காரு" என்று ஒரு தடவையாவது அதட்டிவிட வேண்டும் என்று ஆசை. கணவனின் ஆசையைக் கெடுப்பானேன்.

மேனேஜர் உட்காரவில்லை. சோபாக் காலை முகர்ந்து பார்த்துவிட்டு அங்கேயே ஒண்ணுக்குப் போனார்.

"பாவம், சின்ன உசிரு. அதோட மூத்திரப்பை ஒரு திராட்சை அளவுதான் இருக்கும்" என்று இவர் முழங்கால் போட்டுத் துடைத்தார். கல்யாணமான நாளிலிருந்து இவர் தரை துடைத்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

மார்ச் 7

மகளை மழலையர் பள்ளியில் சேர்ப்பதற்காகப் போனோம். வாலு என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்கே சொந்தப் பெயர் மறந்துவிட்டது. போகிற வழியெல்லாம் அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். நிறம், எண், பழங்களின் பெயர் எல்லாம் தயார். தலைமை ஆசிரியை கேட்டது ஒரே கேள்வி.

"ஒண்ணுக்கு வந்தா தானா சொல்லுவாளா?"

இவர் என்னைப் பார்த்தார். வாலு என் இலாகா.

"ஜூனுக்குள்ள பழக்கிடுங்கம்மா. டயப்பரோட வந்தா நாங்க சேத்துக்கறதில்ல."

வாலு பள்ளிக்குப் போனால்தான் நான் கண்ணாடிக் கடைக்கு முழு நேரமும் போக முடியும். இப்போது மதியம் வரைதான் கண் பரிசோதிக்கிறேன். ஜூன் வரை காத்திருப்பதாக முதலாளி சொல்லியிருக்கிறார். ஆக, நான் படித்த படிப்பு, வாங்கின பட்டம் எல்லாம் இப்போது மூன்று வயதுப் பெண்ணின் மூத்திரப்பைக்குள் இருக்கின்றன.

மார்ச் 9

நாத்தனாருக்கு விஷயம் போய்விட்டது. இவருடைய அக்கா, கீழ்வீடு. நான் கடைக்குப் போகிற நேரத்தில் வாலுவைப் பார்த்துக்கொள்வது அவர்தான். அதனால் எதைச் சொன்னாலும் நான் தலையாட்ட வேண்டும்.

"என் பசங்க ரெண்டு பேரும் ஒரு வயசுலயே சொல்லிடுவாங்க. எல்லாம் அம்மா பழக்கறதுல இருக்கு."

தலையாட்டினேன். பையன்கள் இருவரும் இப்போது தாடி வைத்துக்கொண்டு வெளியூரில் வேலை பார்க்கிறார்கள். போன் போட்டுக் கேட்கவா முடியும்?

மார்ச் 12

குழந்தை உட்கார்ந்து மூச்சா போவதற்கு, வாத்து வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டி (potty) வாங்கி வந்தேன். "இனிமே பாட்டி மேல உக்காந்துதான் மூச்சா போகணும்" என்று இவர் சொல்ல, வாலு பயந்து அழுதாள். ஊரிலிருக்கும் என் அம்மாவை நினைத்துக்கொண்டாளாம். "பாட்டிக்கு வலிக்கும்" என்கிறாள். நியாயம்தானே.

இப்போதைக்கு வாத்துக்குத் தொப்பி போட்டு அழகு பார்க்கிறாள். மூச்சா வழக்கம்போல் கதவுக்குப் பின்னால்.

மார்ச் 17

மேனேஜருக்குப் பயிற்சி ஆரம்பம். இவர் ராப்பகலாக வீடியோ பார்க்கிறார். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும் குட்டியை வெளியே தூக்கிப்போக வேண்டும். போனால் உடனே பாராட்ட வேண்டும், பிஸ்கட் தர வேண்டும். வீட்டுக்குள் போய்விட்டால் திட்டவே கூடாது. திட்டினால் போகக் கூடாது என்று அதற்குப் புரியாது, உங்கள் முன்னால் போகக் கூடாது என்றுதான் புரியும். அப்புறம் ஒளிந்துகொண்டு போகும். அவசரத்துக்குக் கூடத்து மூலையில் ஒரு பழைய பேப்பர்.

சாப்பாட்டு மேஜையில் முக்கால் மணி நேரம் இதைப் பற்றிப் பேசினார். பேசி முடித்த கையோடு, கதவுக்குப் பின்னால் ஈரத்தோடு நின்ற வாலுவைப் பார்த்துக் கத்தினார்.

"இவ்ளோ பெரிய பொண்ணு, வெக்கமா இல்ல உனக்கு?"

அவளுக்கு வெட்கம் வந்ததோ என்னவோ, எனக்கு வந்தது. இவரை நினைத்து.

மார்ச் 18

"மேனேஜருக்குச் சொன்ன அதே பாடம்தானே இவளுக்கும்?" என்று கேட்டேன்.

"அது நாய்ம்மா. இவ மனுஷி. சொன்னா புரியணும்."

ஆமாம். சொன்னால் புரிய வேண்டியவர்கள் இந்த வீட்டில் நிறையப் பேர்.

மார்ச் 26

இன்று நடந்ததை எங்கே ஆரம்பிப்பது?

இவருக்கு விடுமுறை நாள். இவர் அன்றைய பேப்பரைத் தரையில் விரித்துப் போட்டுப் படித்துக்கொண்டிருந்தார். காபி எடுக்க எழுந்து போனார். மேனேஜர் மூலைப் பேப்பரில் போய், பிஸ்கட்டும் பாராட்டும் வாங்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வாலு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நேராக வந்தாள். இவர் பாதி படித்து வைத்திருந்த தலையங்கத்தின் மேல் நாலு காலில் நின்றாள். போனாள். போய்விட்டு, இவர் காபியோடு வருவதற்கும் அவள் கையை நீட்டுவதற்கும் சரியாக இருந்தது.

"பிஸ்கட்."

இவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வெடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்ததும் — சரி, எழுதிவிடுகிறேன், இதை என்னைத் தவிர யார் படிக்கப்போகிறார்கள் — எனக்கும் போய்விட்டது.

வாலு பிறந்ததிலிருந்து இப்படித்தான். தும்மினால், சிரித்தால், அவளைத் தூக்கிக்கொண்டு படியேறினால் கொஞ்சம் கசியும். அதற்காகவே கறுப்பு பேன்ட்டாகப் பார்த்து வாங்குகிறேன். கடையில் கண் பரிசோதிக்கும் இருட்டறை எனக்கு வரப்பிரசாதம். இத்தனை நாளும் துணியோடு நின்றது. இன்று தரையில் சொட்டிவிட்டது.

"இது யாரு?" என்று இவர் தரையைக் காட்டினார்.

மேனேஜர் பக்கத்தில்தான் வாலை ஆட்டிக்கொண்டு நின்றார்.

"வேற யாரு?" என்றேன்.

ஏப்ரல் 2

படிக்கட்டில் தும்மல். பழி மேனேஜர் மேல். மறுப்பே சொல்லாத நல்ல அதிகாரி.

ஏப்ரல் 6

மறுபடியும். இந்தத் தடவை கட்டிலை நகர்த்தும்போது.

இவர் கவலையில் விழுந்துவிட்டார். "நல்லா பழகிட்டு வந்தான். திடீர்னு ஏன் இப்படி? உள்ளுக்குள்ள ஏதோ இருக்கு." அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு சொல்லியிருக்கிறார். மேனேஜரிடம் விடுப்பு கேட்டு மேனேஜரை டாக்டரிடம் கூட்டிப்போகிறார்.

ஏப்ரல் 8

டாக்டர் சோதனைக்கு மூத்திரம் பிடித்துவரச் சொன்னாராம். இவர் கையில் சின்ன பாட்டிலோடு முற்றத்தில் நாயின் பின்னாலேயே குனிந்தபடி ஓடியதைக் கீழ்வீட்டு ஜன்னலிலிருந்து நாத்தனாரும் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. சிரிக்க எனக்கு வசதியில்லை.

சோதனையில் ஒன்றுமில்லை. குட்டிக்கு மனக்கலக்கமாக இருக்கலாம், வீட்டில் யாரும் குரலை உயர்த்த வேண்டாம் என்று டாக்டர் சொன்னாராம். அதைச் சொல்லும்போது இவர் என்னைப் பார்த்தார். குரலை உயர்த்துவது யார் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

ஏப்ரல் 13

வேறொரு வீடியோவில் வேறொருவர் சொல்லியிருக்கிறார்: பழக்கம் திரும்பும்வரை குட்டியைச் சின்ன இடத்தில் அடைத்து வைக்க வேண்டுமாம். மேனேஜரைத் துணி துவைக்கும் அறையில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டார். உள்ளே அது ஊளையிடுகிறது. வெளியே வாலு கதவில் கன்னத்தை வைத்து, "மேனேஜர் பாவம், மேனேஜர் பாவம்" என்று அழுகிறாள்.

செய்யாத குற்றத்துக்குச் சிறை. செய்தவள் இங்கே மேஜையில் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதுகிறாள்.

ஏப்ரல் 14

சொல்லிவிட்டேன்.

"கதவைத் திறந்து விடுங்க. அது மேனேஜர் இல்ல. நான்."

"நான்னா?"

"நான்தான். சிரிச்சா, தும்மினா, எதையாவது தூக்கினா. வாலு பொறந்ததுலேர்ந்து இருக்கு."

சிரிச்சுட்டாரு. ரெண்டு செகண்டுதான், அப்புறம் அடக்கிக்கிட்டாரு, ஆனா சிரிச்சுட்டாரு. நாய் போனா உள்ளுக்குள்ள ஏதோ இருக்கு, டாக்டர், டெஸ்ட், அரை நாள் லீவு. நான் போனா சிரிப்பு. அதுக்கு மூத்திரப்பை திராட்சை. எனக்கு என்ன, தண்ணித் தொட்டியா? அந்தப் பொண்ணை உள்ளே சுமந்து, அவ உதைச்ச உதையெல்லாம் வாங்கின பை இது.

கதவைத் திறந்து மேனேஜரைத் தூக்கிக்கொண்டு வாலு பக்கத்தில் போய்ப் படுத்துவிட்டேன்.

ஏப்ரல் 15

பேசவில்லை.

ஏப்ரல் 16

இவர் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால், கீழே போய், அக்காவிடம். "என்ன செய்யறதுன்னு தெரியல, அதான்" என்கிறார். போஸ்டர் அடித்து ஒட்டியிருக்கலாமே.

மாலையில் நாத்தனார் மேலே வந்தார். அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். அம்மா பழக்கியது சரியில்லை என்று ஆரம்பித்தால் திருப்பிக் கொடுக்க நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன்.

"தம்பி சொன்னான்" என்றார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "எத்தனை நாளா?"

"மூணு வருஷமா, அண்ணி."

"எனக்குச் சின்னவன் பொறந்ததுலேர்ந்து."

சின்னவனுக்கு இருபத்தாறு வயது.

முழங்கால் வலி என்று கல்யாணங்களுக்கு வராமல் இருந்தது, சினிமாவுக்கு வராமல் இருந்தது, பஸ் பயணம் ஒத்துக்கொள்ளாது என்று பள்ளிக்கூடத் தோழி வருடா வருடம் கூப்பிட்டும் போகாமல் இருந்தது — எல்லாமே இதுதானாம். முழங்காலுக்கு ஒன்றுமே இல்லையாம்.

"முழங்கால் வலின்னு சொன்னா ஆளாளுக்குத் தைலம் சொல்லுவாங்க. இதை யார்கிட்ட சொல்ல? உனக்காச்சும் ஒரு நாய் இருந்துச்சு."

சிரித்துவிட்டோம். சிரித்துவிட்டு இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. "அண்ணி, பசங்க ஒரு வயசுல சொல்லிடுவாங்கன்னு சொன்னீங்களே?"

"யாருக்கும்மா ஞாபகம் இருக்கு? என் மாமியார் என்கிட்ட அப்படித்தான் சொன்னாங்க. நானும் சொன்னேன்."

ஏப்ரல் 23

நாத்தனாரும் நானும் போனோம். இதற்கென்றே பயிற்சி தரும் பெண் ஒருவர் மருத்துவமனையில் இருக்கிறார் என்பதே எங்களுக்குத் தெரியாது. வாசலில் பதினைந்து பெண்கள் காத்திருந்தார்கள். எல்லோரும் வேறு யாருக்கோ துணைக்கு வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

"இது பிரசவத்துல தளர்ந்து போன தசை. கையை, காலை மாதிரி இதுக்கும் பயிற்சி கொடுத்தா தேறும்" என்றார். "நிறுத்தற மாதிரி உள்ளே இழுத்துப் பிடிங்க, விடுங்க. எங்க உக்காந்திருந்தாலும் செய்யலாம், யாருக்கும் தெரியாது. இதைச் சொல்ல இவ்ளோ வருஷம் எதுக்குங்க காத்திருந்தீங்க?"

நாத்தனார் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தேன்.

ஏப்ரல் 30

"இது தெளிவா இருக்கா? இல்ல, இதுவா?" — இழு, விடு. "மேல் வரி படிங்க" — இழு, விடு. கண் பரிசோதனைக்கு வந்த பெரியவர், "ஏம்மா மூச்சைப் பிடிச்சுப் பிடிச்சுப் பேசறீங்க?" என்று கேட்டார்.

மதியம் முதலாளியிடம் போய், நடுவில் எழுந்து போக எனக்கு இடைவேளை வேண்டும் என்றேன். எதற்கு என்றார். எதற்கென்று சொன்னேன். காது சிவக்க, "தாராளமா, தாராளமா" என்று கால்குலேட்டரைப் பார்த்துச் சொன்னார்.

மே 5

இவர் திருந்தப் பார்க்கிறார். மன்னிப்பெல்லாம் வாயில் வராது; வேலையில் வருகிறது. வாலுவைப் பழக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டுவிட்டார். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும் வாலுவும் மேனேஜரும் இவர் பின்னால் வரிசையாகப் போகிறார்கள். ஒருவர் வாத்துக்கு, ஒருவர் முற்றத்துக்கு. தவறிவிட்டால் யாருக்கும் திட்டில்லை. கதவுக்குப் பின்னால் போய் நிற்பதை வாலு விட்டுவிட்டாள்.

அந்த வேகத்தில் என்னிடமும், "சாப்பிட்டியே, போயிட்டு வந்தியா?" என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் கையிலிருந்த பிஸ்கட் டப்பாவைக் கீழே வைத்தார்.

மே 21

வாலு தானாகச் சொன்னாள். சொல்லிவிட்டு ஓடினாள். பாதி வழியில் போய்விட்டது. ஆனாலும் சொன்னாள்.

ஜூன் 10

பள்ளியில் ஆயா ஈரத் துணியைப் பையில் கட்டிக் கொடுத்தார். "இன்னிக்கு ஒரு தடவைதான்மா. மத்த பசங்களைப் பாத்தா இவ தேவலாம்." முழு நேரமும் வேலைக்குப் போகிறேன்.

ஜூலை 3

படியில் தும்மினேன். ஒன்றுமில்லை. அடுத்த தும்மலில் கொஞ்சம். பயிற்சி தரும் பெண், இன்னும் சில மாதம் ஆகும், விடாமல் செய்யுங்கள் என்கிறார்.

ஜூலை 19

நாத்தனாரின் தோழி வீட்டுக்குப் போனோம். அவர், நான், வாலு. மூன்று மணி நேர பஸ். முந்தைய நாளிலிருந்தே நாத்தனார் தண்ணீர் குடிக்கவில்லை. நான் அதட்டித்தான் குடிக்க வைத்தேன்.

பாதி வழியில், எல்லோரும் அரைத் தூக்கத்தில் இருக்கும்போது, வாலு சீட்டில் ஏறி நின்றுகொண்டு பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அம்மா, எனக்கு மூச்சா வருது."

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "இன்னும் அரை மணி நேரத்துல பஸ் ஸ்டாண்டு வந்துரும். அடக்கிக்கச் சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் எழுந்துவிட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்து போனார்.

"அடக்கச் சொல்ற காலமெல்லாம் போச்சு. அதோ பெட்ரோல் பங்க் தெரியுது, அங்க நிறுத்துங்க. குழந்தைக்கு மட்டும் இல்ல, எனக்கும் போகணும்."

டிரைவர் ஏதோ முணுமுணுத்தபடி ஓரம் கட்டினார்.

இறங்கி, வாலுவைக் கழிப்பறைக்குள் விட்டுவிட்டுத் திரும்பினேன். நர்ஸ் உடையில் ஒரு பெண், காதில் பாட்டு மாட்டியிருந்த கல்லூரிப் பெண், கர்ப்பிணி ஒருத்தி, பின் சீட்டு அம்மாக்கள் இரண்டு பேர். ஒருவர் பின் ஒருவராக இறங்கி வந்து நாத்தனாருக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிறகு நர்ஸ், "நீங்க சொன்னது நல்லதாப் போச்சுங்க" என்றாள். நாத்தனார் பெரிய மனுஷியாகத் தலையாட்டினார்.

கடைசியில் டிரைவரும் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். ஆம்பளைங்களுக்கு எந்தப் பக்கம் என்று வாலுவிடம் கேட்டார்.