முரசு அடங்காமல் வரும் மருமக்கள்

அலை ஓயாத நாள்வரை தங்கள் குடி ஓயாது தழைக்க. ஏழு பவளத் திட்டுகளுக்கும் ஒரே குடையாய் நிற்பவரும், சுறாக்கொடி உயர்த்தியவரும், சினம் கொண்டால் ஐந்தாண்டுக்குக் குறையாமல் கொள்பவருமாகிய பவளத்திட்டு வேந்தர் ஆழிச்சாத்தர் திருமுன்பு, சங்குக்கொடி உடைய வெண்கரை நாட்டு மாமன்னர் மருதக்கோனின் திருவாய்க்கேள்வி அதிகாரிச்சி கொடிநங்கை பணிந்து எழுதும் ஓலை. மன்னர் வாய்மொழிவதைக் கேட்டு ஓலையில் ஏற்றுவது எம் பணி. கேட்பதே பணியாகிவிட்டதால் பிறர் வாய்மொழிவதும் எம் காதில் விழுவதுண்டு. அதை எம் குற்றமாகக் கொள்ளாது, அரண்மனைச் சுவர்களை மெல்லிதாகக் கட்டிய கொத்தரின் குற்றமாகக் கொள்க.

தங்கள் தேவியாருக்கு முழங்கால் வலி தணிந்ததென்றும், தங்கள் பட்டத்து யானை புதிய பாகனைக் கண்டால் முதுகைக் காட்டி நிற்கிறதென்றும், தாங்கள் மாலைதோறும் கடல்மாடத்தில் ஏறி வடக்கு நோக்கி நெடுநேரம் நிற்பதாகவும் உப்பு வணிகர் சொல்லக் கேட்டோம். வடக்கே எம் நாட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை. இதற்குமேல் யாம் ஒன்றும் வினவவில்லை, அவர்களாகச் சொன்னதுதான்.

இனி, காரியம். தங்கள் தங்கையும் எங்கள் அரசியுமாகிய இளங்கோதைத் தேவியார் ஈன்ற இரட்டையர்க்கு இரண்டு ஆண்டும் எட்டுத் திங்களும் நிறைந்தன. தாங்கள் இன்னும் கண்டிராத அவர்களைப் பற்றிச் சொல்வது எம் கடமை. இளவரசர் விண்ணன், பேரவையில் படைத்தலைவரின் மீசையைப் பற்றி, விடுக என்று மன்னரே மும்முறை ஆணையிட்டும் விடாத உறுதியுடையவர். இளவரசி சேந்தி, மாட்டேன் என்னும் ஒரே சொல்லைக் கொண்டு இதுவரை மூன்று நாட்டுத் தூதரைத் திருப்பி அனுப்பியவர். இத்தகைய பிள்ளைகள் எந்த அரண்மனையிலும் இல்லை என்று யாம் பெருமையோடு சொல்வோம். அந்த அரண்மனைகளின் செவிலியரும் அதையே சொல்லி மகிழ்வதாகக் கேள்வி.

மூன்று ஆண்டு நிறையுமுன் தாய்மாமன் மடியில் இருத்திக் காது குத்துவது இரு நாட்டுக்கும் பொதுவான வழக்கம். இதற்கென இருமுறை ஓலை விடுத்தோம். முதல் ஓலைக்குத் தாங்கள் விடை தரவில்லை. இரண்டாவதற்கு, எமக்குக் கடல் ஆகாது, பிள்ளைகளுக்கும் ஆகாது, மடிக்குப் பதிலாக ஒரு மணைப்பலகையைப் போட்டுக் குத்திக்கொள்க என்று எழுதியிருந்தீர்கள். நூறு கலம் உடைய வேந்தருக்குக் கடல் ஆகாது என்பதை எங்கள் அவை மரியாதையோடு கேட்டுக்கொண்டது. சிலர் மட்டும் உத்தரீயத்தால் வாயை மூடிக்கொண்டனர்.

தேவியார் சிரிக்கவில்லை. ஓலையை இருமுறை படித்தார். பலகையை எங்கே வாங்குவது என்று மன்னர் கேட்டதற்கு, அண்ணன் மடிக்குக் கால் இல்லை போலும், என் பிள்ளைகளுக்கு நான்கு கால் இருக்கின்றன, நாங்களே போகிறோம் என்று விடையிறுத்தார். யாம் அப்போது வாயிலருகே விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தோம், பகல்தான் என்றாலும்.

அன்று தொடங்கியது பயண ஏற்பாடு. மன்னர் வணிகக்கலத்தில் ஏற மறுத்தார். தம் மக்கள் முதன்முதலாகக் கடல் காண்பது கடல்வேழம் என்னும் போர்க்கலத்தின் மேல்தட்டிலிருந்துதான் என்றார். அறுபது துடுப்பு, மூன்று பாய், முகப்பில் வெண்கலத் தந்தம் இரண்டு. அதைப்போல் ஒன்று இக்கடலில் இல்லை. ஏற்பாட்டுக்குப் படைத்தலைவர் கலியனார் பொறுப்பேற்றார். கொள்ளையரின் இருபது படகை ஒரு காலைப்பொழுதில் மூழ்கடித்தவர் அவர். இரண்டு பிள்ளைகளுக்கு ஏழு நாள் மந்திராலோசனை எதற்கு என்று எம்மிடமே கேட்டார். ஏழாம் நாள் மாலை, இன்னும் நான்கு நாள் வேண்டும் என்றார்.

தட்டைச் சுற்றிலும் இரண்டு மடி மீன்வலை கட்டினர். பிள்ளை விழாது என்று கலியனார் மார்பு தட்டினார். பிள்ளை விழவில்லை. வலைக்கண் வழியே பாலாடையும், செவிலி காரியின் ஒரு காற்சிலம்பும், கலியனார் வெற்றிப்பரிசாகப் பெற்ற கடகமும் விழுந்தன. கடகம் விழும்போது இளவரசியார் கைகொட்டினார். கறவைக்கென ஏற்றிய இரண்டு பசுக்களில் ஒன்று, கலம் துறையைவிட்டு நகரும் முன்பே தலைசுற்றிப் படுத்தது. பிள்ளைகள் விளையாட ஒரே மரத்தில் ஒரே தச்சர் இரண்டு யானை செதுக்கினார். இருவரும் மற்றவர் கையில் இருந்த யானையையே கேட்டனர். மூன்றாவது ஒன்று செய்தால் தீரும் என்று அமைச்சர் கூறினார். செய்தார்கள். இருவரும் மூன்றாவதைக் கேட்டனர். மூன்றையும் ஒளித்து வைப்பதென அவை ஒருமனதாகத் தீர்மானித்தது. பத்தாண்டில் எங்கள் அவை ஒருமனதாகத் தீர்மானித்தது அது ஒன்றுதான்.

பிறகு ஒத்திகை. துறையில் நங்கூரமிட்ட கலத்தில் மூன்று நாள் குடும்பத்தோடு தங்கிப் பார்ப்பது என்று ஏற்பாடு. நண்பகல் உறக்கத்துக்கு இரண்டு தூளி கட்டினார்கள். கடலே ஆட்டும், செவிலிக்குக் கைவலி மிச்சம் என்றார் கலியனார். கடல் ஆட்டியது கலத்தை; தூளி நேராகத் தொங்கியது. ஆடாத தூளியில் கிடக்கும் இரண்டு பிள்ளைகள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். அழுகை துறைமுகச் சந்தைவரை கேட்டதாகச் சந்தையில் கேட்டோம். மன்னர் பாடினார், அழுகை கூடியது. கலியனார் போர்ப்பரணி சொன்னார். இளவரசர் அவர் மீசையைத் தேடினார்.

மறுநாள் நண்பகல் அதே அழுகை நடக்கையில், கீழ்த்தட்டில் துடுப்பாளரைப் பழக்குவதற்காக முரசறைவோன் முரசை அறையத் தொடங்கினான். பத்தாம் அடிக்கு இருவரும் உறங்கிவிட்டனர். காரி, உஸ், யாரும் மூச்சுவிடாதீர் என்றாள். முரசறைவோனும் அவள் சொல் கேட்டு நிறுத்தினான். இருவரும் விழித்தனர். மீண்டும் அறைந்தான், உறங்கினர். நிறுத்தினான், விழித்தனர். அதன்பின் மன்னர் தம் வாயால் இட்ட ஆணையை யாமே ஓலையேற்றினோம்: பிள்ளைகள் எழும்வரை முரசு அடங்கலாகாது.

எவரும் எண்ணிப்பாராதது ஒன்று. எங்கள் துடுப்பாளர் அறுபதின்மரும் முரசு கேட்டால் துடுப்பிடுவதைத் தவிர வேறொன்றும் பழகாதவர். முரசு அடங்கலாகாது என்றால் துடுப்பும் அடங்கலாகாது என்று கொண்டு முழுவலியோடு இழுத்தனர். நங்கூரக் கயிறு அறுந்தது. மேல்தட்டில் பட்டு விசிறியோடு மகளுக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்த மாமன்னர் நிமிர்ந்து பார்க்கையில் கரை அரைக் காதம் பின்னால் கிடந்தது. நிறுத்துக என்று கூவவும் மனம் வரவில்லை, கூவினால் விழித்துவிடுவார்கள். கைகாட்டினார். கீழ்த்தட்டில் இருப்பவர்க்கு மேல்தட்டுக் கை தெரியாது. பிள்ளைகள் இரண்டு நாழிகை உறங்கினர். கலம் அந்தி சாயத் திரும்பியது. போருக்குப் புறப்பட்டுவிட்டார்கள் என்று எண்ணிச் சந்தையே மூடிக்கிடந்தது. இப்போது துடுப்பாளர் காதில் பஞ்சு வைத்து, கொடியசைவைப் பார்த்தே துடுப்பிடுகின்றனர். முரசு, தாலாட்டுக்கு மட்டும்.

இதுவரை சொன்னது சிரிப்பதற்கு. இனிச் சொல்வது தங்கள் தீர்ப்புக்கு.

நிறைநிலவுக்கு முந்திய நாள்தான் காது குத்த நாள் குறித்துள்ளோம். அதன்பின் காற்று திரும்பிவிடும்; அடுத்த பயணக்காலம் வருவதற்குள் பிள்ளைகளுக்கு மூன்று ஆண்டு நிறைந்துவிடும். தங்கள் துறைவாயில் பவளப்பாறையைக் கடல்வேழம் கடக்க வேண்டுமானால் நண்பகல் நீரேற்றத்தில் மட்டுமே முடியும். நண்பகல் இரட்டையர் உறங்கும் வேளை. ஆகவே எங்கள் போர்க்கலம் முரசு ஒலிக்கவே தங்கள் துறைக்குள் நுழையும்.

முரசு அடக்கி வரும் கலம் விருந்து, முரசு ஒலித்து வரும் கலம் பகை என்பது இரு நாட்டு முன்னோரும் வகுத்த நெறி. தங்கள் துறைச்சங்கிலியின் கனமும், இரு கோபுரங்களிலும் தீயம்போடு நிற்கும் வில்லவர் எண்ணிக்கையும் யாம் அறிவோம்; எப்படி அறிவோம் என்பது இங்கு வேண்டா. துறையை நெருங்குகையில் முரசை நிறுத்திவிடலாம் என்று மன்னர் சொன்னார். அவையில் செவிலி காரி எழுந்து, பாதி உறக்கத்தில் எழுந்த பிள்ளை பெற்றவள் மடியிலேயே இருக்காது, முன்பின் பார்க்காத மாமன் மடியில் எப்படி இருக்கும், காதை யார் நீட்டுவது என்று கேட்டாள். அவள் சொன்னது மெய் என்பது பிள்ளை வளர்த்த எல்லோருக்கும் தெரியும்.

மன்னர் எம்மிடம் எழுதச் சொன்னது ஒரே வரி: நிறைநிலவுக்கு முந்திய நண்பகல் வருகிறோம், வழிவிடுக. முரசைப் பற்றியும் எழுதலாமே என்று யாம் பணிந்து கேட்டதற்கு, சங்குக்கொடி காரணம் சொல்லிப் பழகியதில்லை என்றார். அந்தப் பெருமைக்கு யாமும் தலைவணங்குகிறோம். ஆனால் கொடிக்குத் தீயம்பு பட்டால் எரியும். கொடியின் கீழே இரண்டு தூளி இருக்கின்றன. எனவே காரணத்தை யாம் எழுதினோம்.

எழுதத் துணிந்தபின் இன்னொன்றையும் எழுதாமல் விடுவது முறையன்று. தேவியாரின் திருமணத்தன்று தாங்கள் கொண்டுவந்த சீர்வரிசை, நாற்பது தட்டும் பன்னிரண்டு குதிரையுமாக, எங்கள் கோட்டையின் தென்வாயில் வழியே நுழைந்தது. இறந்தாரை எடுத்துச் செல்லும் வாயில் அது. தாங்கள் விருந்துண்ணாமல், ஒரு சொல்லும் சொல்லாமல் கலமேறினீர்கள். மருதக்கோன் வேண்டுமென்றே இகழ்ந்தார் என்று கொண்டீர்கள். ஏன் போனீர் என்று மன்னர் இன்றும் அறியார். கேட்பது தாழ்வு என்று இருந்துவிட்டார். தம் மேல்தான் சினம் என்று தேவியார் ஐந்தாண்டாக எண்ணியிருக்கிறார்.

நடந்தது இது. சீர் நுழைய வேண்டிய கீழைவாயிலில் மணமகனின் யானை படுத்துக்கொண்டு எழ மறுத்தது. சீர்வரிசையை எந்த வழி விடுவது என்று காவலர் ஓடிவந்து எம்மைக் கேட்டனர். மன்னரின் சொல்லைக் கேட்டுச் சொல்ல வேண்டியவள் யாம். மன்னர் இருபது அடி தொலைவில்தான் நின்றார். யாமோ மடைப்பள்ளி முற்றத்தில் இரண்டு சமையற்காரரின் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அது மிகச் சுவையான கட்டத்தில் இருந்தது. திரும்பிப் பாராமலே, எது திறந்திருக்கிறதோ அந்த வழியே விடுக, மன்னர் ஆணை என்றோம். திறந்திருந்தது தென்வாயில் ஒன்றே.

இந்த ஊரில் எவர் வீட்டுக் கதையையும் யாம் சொல்லாமல் விட்டதில்லை. இந்த ஒரு கதையை மட்டும் ஐந்தாண்டாக எவரிடமும் சொல்லவில்லை. தங்கள் விடையோலையைத் தேவியார் இருமுறை படித்தபோதுதான், இனிப் பொறுப்பது தகாது என்று தெரிந்தது.

இதுவரை எழுதியதை மன்னர் திருமுன் யாமே உரக்க வாசித்தோம். வாசிக்கையில் எம் குரல் முதன்முறையாக அவைக்குக் கேட்கவில்லை என்று கலியனார் பின்னர் சொன்னார். அது அவர் காதின் குறை. மன்னர், இவளையும் கலத்தில் ஏற்றுக, தீர்ப்பை மைத்துனர் சொல்லட்டும் என்றார். தேவியார் எம்மைப் பார்க்கவில்லை. ஆனால் எம் பாயைப் பசுக்களின் பக்கத்தில் போடச் சொன்னதாகக் காரி தெரிவித்தாள். தலைசுற்றிய பசுவின் பக்கத்தில்.

ஆகவே பவளத்திட்டு வேந்தர் திருவுளம் பற்ற வேண்டியது இது. நிறைநிலவுக்கு முந்திய நாள், நிழல் காலடியில் சுருங்கும் வேளையில், வடக்கேயிருந்து முரசொலி கேட்கும். சங்கிலியைத் தாழ்த்துக. வில்லவரை அம்பை இறக்கி வைக்கச் சொல்க. இருமல் உள்ளவரை வீட்டுக்கு அனுப்புக. வரவேற்புக் கொம்பு ஊத வேண்டா. பிள்ளைகள் தாமாக எழும்வரை எங்கள் முரசு ஒலித்துக்கொண்டே இருக்கும், எழுந்தபின் அடங்கும். அடங்கிய பிறகு தாங்கள் மடியை விரித்து அமர்க. மன்னரும் தேவியாரும் மருமக்களும் தங்கள் கீழைவாயில் வழியே வருவார்கள். எம்மைத் தென்வாயில் வழியே அழைத்துக்கொள்க. அதில் எமக்கு மறுப்பில்லை.

இது வெண்கரை மன்னர் கேட்டு இசைந்த ஓலை. எழுதியவள் கொடிநங்கை. இதைக் கொண்டுவரும் தூதர்க்கு உணவளித்துத் தங்கள் விடையோடு மூன்று நாளில் திருப்புக. கடலும் கரையும் சான்று.

பின்குறிப்பாக ஒன்று. கீழே உள்ள அரக்கு முத்திரையில் சங்கின் இடப்புறம் நான்கு சிறு பள்ளங்கள் காணப்படும். போலி முத்திரை என்று ஐயுற வேண்டா. அரக்கு ஆறி இறுகுமுன் தங்கள் மருமகன் கடித்துப் பார்த்தது. மேல்வரிசைப் பல் முழுதும் அவருக்கு வந்துவிட்டது. தாங்கள் இன்னும் பார்க்கவில்லை.